வராதவர்களைக் கூப்பிட்டவள்

என் மருமகள் எங்கள் வீட்டுக்கு முதலில் குரலாகத்தான் வந்தாள். ஆள் பிறகுதான் வந்தாள்.

என் மகன் ஏசி இயந்திரங்கள் பழுது பார்க்கிறவன். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் கைகூடக் கழுவாமல், "அம்மா, அந்த வாரியத்து ஆபீஸ்ல ஒரு குரல் இருக்கும்மா" என்றான். குரல் இருந்தால் ஆளும் இருக்குமே, ஆள் எப்படி என்று கேட்டேன். ஆளை இன்னும் பார்க்கவில்லையாம். எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று போனில் கேட்டானாம். வேறு யாராக இருந்தாலும் பின்வாசல் என்று சொல்லிவிட்டு வைத்திருப்பார்கள். அந்தக் குரல் அப்படி வைக்கவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏணியைச் சுமந்துகொண்டு வராதீர்கள், மேலேயே ஒன்று இருக்கிறது, அதிகாரி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம், காவலாளியிடம் ஆபரேட்டர் சொன்னதாகச் சொல்லுங்கள் என்று அத்தனையும் சொன்னதாம்.

மறுநாள் இவன் அதிகாரி அறையில் ஏணிமேல் நிற்கும்போது பின்னாலிருந்து அதே குரல், டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறது. திரும்பினான். கையிலிருந்த ஸ்பேனர் அதிகாரியின் மேஜைக் கண்ணாடிமேல் விழுந்து அது இரண்டாகப் போயிற்று. அதற்கப்புறம் அந்த ஏசி ஒரு மாதத்தில் பழுதான அளவுக்கு உலகத்தில் வேறெந்த ஏசியும் ஆகியிருக்காது. நான் கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

வாரியம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தவள் அவள்தான். பல நாட்டுப் பிள்ளைகள், முதல் பட்டம் வாங்கியவர்கள், அதற்குமேல் படிக்க நம் நாட்டுக்கு வர ஆசைப்படுவார்கள். விண்ணப்பம் போடுவார்கள். அவர்களில் யார் யார் வரலாம் என்று தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்து, தங்க இடம் பார்த்து, படிப்பு முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது அரசாங்கம் நடத்தும் இந்த வாரியத்தின் வேலை.

"அப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு அது தாய்வீடு மாதிரியா?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு அவ்வளவு நல்ல இடம் இல்ல அத்தை. ஆக்கிடலாம்" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே. வந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்றால் சும்மா கம்பியை மாற்றிச் செருகுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. விமான நிலையத்தில் கூட்டிப்போக ஆள் வரவில்லை என்று ஒரு பிள்ளை கூப்பிடும். விடுதியில் குளிருக்குப் போர்வை இல்லை என்று இன்னொன்று கூப்பிடும். பேராசிரியர் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை, ஊருக்கே போய்விடுகிறேன் என்று ஒன்று அழும். இவள் எல்லாருக்கும் முதலில் சொல்வது ஒரே வார்த்தை. "இருங்க, வச்சிடாதீங்க." அதை எத்தனையோ மொழியில் சொல்லக் கற்றுவைத்திருந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பாள். கேட்கக் கேட்க எனக்கும் இரண்டு மூன்று பழகிவிட்டது. எந்த நாட்டு மொழி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பகலெல்லாம் வேலை, சாயங்காலம் கல்லூரி. சமையலறை மேஜையில் தண்ணீர்க் குடத்தின்மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படிப்பாள். என் மகன் கேள்வி கேட்பான். அவள் பதில் சொன்னால், "தப்பு" என்பான். அவள் எழுந்துவந்து பார்த்தால் அவன் வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பான். நான் எழுத்தறியாதவள். ஆனால் பக்கம் புரளுகிற சத்தத்தை வைத்து அவள் படிக்கிறாளா, உட்கார்ந்தபடியே தூங்குகிறாளா என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன். தூங்கினால் எழுப்பமாட்டேன். படித்தால் பேசமாட்டேன். அந்த வீட்டில் இது நான் போட்ட சட்டம். மகன் உட்பட எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

பரீட்சைகள் எழுதினாள், தேறினாள். எழுத்தர் ஆனாள், பிரிவு அலுவலர் ஆனாள், துணை இயக்குநர் ஆனாள். எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களும் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் வாரியத்தின் தலைவராக இவளையே நியமித்தார்கள். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் பெரிய பேராசிரியர்கள், இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அதிகாரிகள். வாசலில் போன் எடுத்தவள் மாடியில் தலைவரா என்று பலர் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் "ஆபரேட்டர்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். இதை எனக்குச் சொன்னவள் அங்கே டீ கொடுக்கும் அம்மா. அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சொன்னவள் என் முகம் வாடும் என்று எதிர்பார்த்தாள். "ஆபரேட்டர்தானே? திருடின்னா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு டீயை வாங்கிக் குடித்தேன்.

நான் அந்த அலுவலகத்துக்குப் போவது வழக்கம். நேர்காணல் நடக்கும் நாட்களில் என் மருமகளுக்குச் சாப்பாடு என்கிற ஞாபகமே இருக்காது. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் வந்து சாப்பிடாமல் நான் எழமாட்டேன். காவலாளி முதல் வருடம் என்னைப் பார்த்து முகம் சுளித்தான். இரண்டாம் வருடம் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தான்.

அந்த வரவேற்பறைச் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நாட்டின் பெயர். எந்தக் கடிகாரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது, சம்பந்திகளைப் போல. அந்தந்த நாட்டில் இப்போது என்ன மணி என்று காட்டுவதற்காம். நேர்காணல் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கும். அந்த நாட்டுப் பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து பேசும், இங்கே பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் தனியாக ஒரு கதவு மாதிரி இருக்குமாம். அந்தப் பிள்ளையின் நேரம் வந்தால் திறக்கும், நேரம் முடிந்தால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டினது பூட்டினதுதான்.

நேரத்தைப் பற்றி அந்தக் குழுவில் பெரிதாகப் பேசுகிறவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். வாரியத்தின் மூத்த உறுப்பினர். அலுவலகத்தில் அவருக்கு "அலாரம்" என்று பெயர். அவர் வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். நேர்காணலுக்கு வராத பிள்ளையை நீக்குவதற்கு முன்னால் ஒருமுறை போனில் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று என் மருமகள் ஒருதடவை வாரியத்தில் சொன்னாள். அலாரம் ஒப்புக்கொள்ளவில்லை. "நேரம்னா நேரம்தான் மேடம். நேரத்துக்கு வந்தவனுக்குக் கதவு திறக்கணும், வராதவனுக்காகத் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாராம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

இனிமேல்தான் நான் சொல்லவந்தது வருகிறது.

அவள் தலைவராக இருக்கவேண்டிய காலம் முடியும் மாதம் அது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று துறைச் செயலர் முடிவு செய்யவேண்டும். அவர்தான் வாரியத்துக்கு மேலே இருக்கும் அதிகாரி. அதே நேரத்தில் அந்த வருடத்துத் தேர்வு முடிவையும் அறிவிக்கவேண்டும். மண்டபம் பிடித்தாயிற்று. அமைச்சர் வருகிறார், பல நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள்.

நேர்காணல் நடந்த வாரம் முழுக்க என் மருமகள் வெளியூரில் ஒரு பல்கலைக்கழக விடுதியைப் பார்த்துவரப் போயிருந்தாள். திரும்பிவந்து வாரக் கடைசியில் முடிவுகளைப் பார்த்தாள். ஒரு நாட்டிலிருந்து அழைத்த பிள்ளைகளில் ஒருவர்கூட நேர்காணலுக்கு வரவில்லை. ஒருவர்கூட. எல்லாருக்கும் "வரவில்லை" என்று போட்டிருந்தது. கீழே இருந்தவர்களைக் கேட்டாள். அங்கே கரண்ட் போயிருக்கும், இன்டர்நெட் சரியாக இருக்காது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளே அப்படித்தான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்து நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகன் ஒரு பழைய மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்தத் திருகு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். இவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒருத்தர் ரெண்டு பேர் வரலன்னா அது அவங்க சங்கதி. அத்தனை பேரும் வரலன்னா அது நம்ம சங்கதி" என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. போனை எடுத்தாள்.

அந்த நாட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது. இவள் பேசத் தொடங்கினாள். எனக்கு மொழி தெரியாது. ஆனால் "இருங்க, வச்சிடாதீங்க" மட்டும் தெரிந்தது, அந்தப் பெண்ணின் மொழியிலேயே சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் கோபமாகப் பேசியது. அப்புறம் வேகமாகப் பேசியது. அப்புறம் அழுதது. அழுகைக்கு மொழி வேண்டாமே, நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். மகன் திருகைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தான்.

இவள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். இவள் அதையே திரும்பக் கேட்டாள். அதே பதில்.

போனை வைத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அந்தப் பெண், வாரியம் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே துவைத்துத் தேய்த்த சட்டை போட்டு, பக்கத்து வீட்டு நாற்காலியைக் கடன் வாங்கி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கவேயில்லை. அவளுடைய தோழிக்கும் அப்படித்தான். வாரியத்துக்கு எழுதியிருக்கிறார்கள். தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று கம்ப்யூட்டர் தானாகவே பதில் அனுப்பியிருக்கிறது.

"இப்ப அங்க மணி என்னன்னு கேட்டேன் அத்தை. மூணுன்னா. எங்க கணக்குப்படி அங்க நாலு."

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். அந்த நாட்டில் வருடத்தில் ஒருதடவை எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்களாம், வெயில் காலத்துக்கு. வருடா வருடம் அந்தச் சமயம் வந்தால் நம் அலுவலகத்திலும் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தைத் தள்ளுவார்கள். டீ கொடுக்கும் அம்மா ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தையும் தள்ளுவாள். இந்த வருடம் அந்த நாட்டுக்காரர்கள் தள்ளப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். அங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கே யாரும் கேட்கவில்லை. எப்போதும் செய்கிற வேலையை யார் யோசித்துச் செய்கிறார்கள்? இங்கே தள்ளினார்கள். அங்கே தள்ளவில்லை. பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பேராசிரியர்கள் உட்கார்ந்து, காத்திருந்து, கொட்டாவி விட்டு, "வரவில்லை" என்று போட்டுவிட்டு எழுந்துபோயிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

"இதை யாரு பண்ணினது?" என்றான் மகன்.

"நேரம் போட்டது ஒரு சின்னப் பையன். கையெழுத்துப் போட்டது நான்."

அப்போதே செயலருக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. இவள் பேசியது கொஞ்சம், கேட்டது நிறைய. "சரி சார்", "இல்ல சார்", "அது சரியில்ல சார்" என்று மூன்றும் மாறி மாறி வந்தது. கடைசியில் "இல்ல சார்" மட்டுமே வந்தது.

அவர் சொன்னது இதுதானாம். மண்டபம் பிடித்தாயிற்று, தூதர்கள் வருகிறார்கள், இப்போது போய் நம் கடிகாரம் தப்பு என்று சொல்வது நாட்டுக்கே அவமானம். நேரத்தைத் தெரிந்துகொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. அடுத்த வருடம் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கட்டும், அப்போது பார்த்துச் செய்யலாம். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "உங்க ஃபைலும் என் மேஜைமேலதான் இருக்கு மேடம், ஞாபகம் வச்சுக்குங்க" என்றாராம்.

மகன் மிக்சியை மறந்துவிட்டான். அவனுக்குப் பயம். பதவி போனால் பரவாயில்லை, கெட்ட பெயரோடு போகக்கூடாது என்றான். அவள், நாளைக்கு வாரியக் கூட்டத்தில் சொல்லிவிட்டு ராஜினாமாவும் கொடுத்துவிடுகிறேன், அப்போதுதான் என் நாற்காலிக்காகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றாள். இரண்டுபேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"பிள்ளைங்களையும் விடாத, நாற்காலியையும் விடாத" என்றேன். "தப்பு நடந்துச்சுன்னா எழுந்து நின்னு சொல்லு. எழுந்து போயிடாத. நீ போயிட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு மறுபடி போன் பண்ணுவா, அந்தச் செயலரா?"

"அத்தை, நீங்க ஆபீசுக்கு வந்திருக்கணும். அத்தனை பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பீங்க."

"சாப்பாட்டு டப்பாவோட வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். சிரித்தாள். ராஜினாமா பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை மருமகள் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள். மீதியை டீ கொடுக்கும் அம்மாவிடமிருந்து வாங்கினேன். அவள் டீ கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டியவள். அன்றைக்கு டம்ளர்களை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாக எடுத்தாளாம்.

நீள மேஜை. ஒரு முனையில் செயலர். சுற்றிலும் பேராசிரியர்கள். அலாரம் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முடிவுகளுக்கு ஒப்புதல் கொடுக்கலாமா என்று செயலர் கேட்டார். என் மருமகள் எழுந்து நின்றாள். கடிகாரச் சங்கதியை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் கடன் வாங்கிய நாற்காலியைக்கூட விடவில்லை.

செயலர் இது விண்ணப்பித்தவர்களின் பொறுப்பு என்று மறுபடி தொடங்கினார். ஒரு பேராசிரியர், நேர அட்டவணை தயாரித்தது யார், அந்த ஆள்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டார். "கையெழுத்து என்னோடது சார். நடவடிக்கை எடுக்கிறதா இருந்தா என்மேல எடுங்க. பையனை விட்டுடுங்க. ஆனா முதல்ல பிள்ளைங்களைப் பார்ப்போம்" என்றாள். யாரோ பின்னால், ஆபரேட்டர் புத்தி போகாது, எல்லாருக்கும் போன் பண்ணியாகணும் என்று முணுமுணுத்தது டீ கொடுக்கும் அம்மாவுக்கே கேட்டதாம். இவளுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அலாரத்தைப் பார்த்தாள். "சார், நேரத்துக்கு வந்தவங்களுக்குக் கதவு திறக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. அவங்க நேரத்துக்கு வந்தாங்க. நேரம் தவறினது நாம."

அலாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு சொன்ன நேரத்துக்கு வந்துச்சா?"

"கொஞ்சம் முன்னாடியே வந்துச்சு சார்."

"அப்ப அந்தப் பொண்ணு ஆஜர்" என்றார் அலாரம். "நாமதான் ஆப்சென்ட். அத்தனை பேர் பேருக்கு எதிரே போட்ட ஆப்சென்டும் நமக்குப் போட வேண்டியது."

டீ கொடுக்கும் அம்மா கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டாளாம். அலாரம் செயலர் பக்கம் திரும்பி, நாளைக்குக் காலையிலேயே அந்தப் பிள்ளைகளுக்கு நேர்காணல் வைத்தால் நான் முதல் ஆளாக வந்து உட்காருவேன், விழாவையும் தள்ளிவைக்க வேண்டாம், ஒருவரைக்கூட விடாமல் கேட்டுவிட்டே எழுவேன் என்றார். மற்ற பேராசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அலாரம் வருகிறார் என்றால் தாங்கள் வராமல் இருக்க முடியுமா? ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். செயலர் தனியாகிவிட்டார். அந்தப் பிள்ளைகளைப் பேசிக் கூட்டிவருவது யார் என்று கடைசியாக ஒரு கொக்கி போட்டார்.

"நான்" என்றாள் என் மருமகள்.

அன்றைக்கு நான் டப்பாவோடு போனபோது அவள் மாடியில் இல்லை. கீழே வரவேற்பறையில், ஒரு காலத்தில் அவள் உட்கார்ந்த அதே மூலையில், போன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாரியத்தின் தலைவர் வாசலில் உட்கார்ந்து போன் செய்கிறார். சுற்றிலும் அலுவலகமே நின்றுகொண்டிருந்தது. நேரம் போட்ட அந்தச் சின்னப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றான். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரிடமும் தப்பு எங்களுடையது என்று முதலில் சொன்னாள். ஒரு பையன் நம்பவில்லை, ஏமாற்றுக்காரர்கள் என்று வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். அவன் அம்மா எடுத்தாள். இரண்டு அம்மாக்களும் என்ன பேசினார்களோ, கடைசியில் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

கடைசிப் பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. அவன் கொடுத்திருந்த நம்பர் ஒரு ரொட்டிக் கடையுடையது. கடைக்காரர் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். எங்கே? தெரியாது. வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி வைத்திருப்பார்கள். இவள், "இருங்க, வச்சிடாதீங்க" என்றாள். அவனோடு வேலை பார்த்தவர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று கேட்டாள். ஒருவர் வந்தார். அவரிடமிருந்து அவன் அக்கா நம்பர், அக்காவிடமிருந்து அவன் அறைத் தோழன் நம்பர். தோழன் ஓடிப்போய் அவனைக் கட்டடம் கட்டும் இடத்திலிருந்து கூட்டிவந்தான். மூச்சு வாங்க அவன் "ஹலோ" என்றபோது நின்றவர்கள் அத்தனைபேரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் பின்னால் முணுமுணுத்த ஆள் யாரோ, அவரும் தட்டியிருப்பார். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஆறினாலும் சாப்பிட்டாகவேண்டும் என்று நான் விடவில்லை. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் அத்தனை பிள்ளைகளும் வந்தார்கள், சரியான நேரத்துக்கு. அலாரம் கைக்கடிகாரத்தை அந்த நாட்டு நேரத்துக்கே திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தாராம்.

விழாவுக்கு நானும் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். அது முக்கியஸ்தர்களுக்கு என்று ஒருவர் வந்து சொன்னார். "நான் தலைவரோட மாமியார். என்னைவிட முக்கியஸ்தர் யாராவது வந்தா சொல்லு, அப்ப யோசிக்கலாம்" என்றேன். யாரும் வரவில்லை போலிருக்கிறது, அவர் மறுபடி வரவில்லை.

அவள் பேச்சில் கடிகாரச் சங்கதி வரக்கூடாது என்று செயலர் முன்பே சொல்லியிருந்தார். எழுதிக்கொடுத்த தாளில் அதை அடித்திருந்தார்கள். அவள் தாளைப் பார்க்காமலேயே சொன்னாள். அமைச்சர் முன்னால், தூதர்கள் முன்னால், எங்கள் கடிகாரம் தவறியது, நேரத்துக்கு வந்த பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினோம், திருத்திக்கொண்டோம் என்றாள். அந்த நாட்டுத் தூதர் எழுந்து நின்று கைதட்டினார். ஒருவர் எழுந்தால் மற்றவர் எப்படி உட்கார்ந்திருப்பது, மண்டபமே எழுந்தது. அமைச்சரும் எழுந்தார். அமைச்சர் எழுந்தபின் செயலரும் எழுந்துதான் ஆகவேண்டும். எழுந்தார். கைதட்டினார். நான் மட்டும் எழவில்லை, முட்டி வலி. ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன்.

அந்த வாரமே அவள் ஃபைல் கையெழுத்தாகி வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை அவளே தலைவர். வாரியத்தில் அதை முன்மொழிந்தவர் அலாரம். வராத பிள்ளையைப் போனில் கூப்பிடாமல் யாரும் நீக்கக்கூடாது என்பது இப்போது சட்டம். அதையும் முன்மொழிந்தவர் அவர்தான். கடிகாரத்தைத் தள்ளும் சமயம் வந்தால் இப்போது அவரே அந்தந்த நாட்டுக்குப் போன் போட்டு, "இப்ப உங்க ஊர்ல மணி என்ன?" என்று கேட்கிறார். கேட்ட பிறகுதான் ஸ்டூல் போடவேண்டும். டீ கொடுக்கும் அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறாள், ஏறுகிறவர் அவர். அந்தச் சின்னப் பையன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். இப்போது ஒவ்வொரு நேரத்தையும் இரண்டுதடவை கேட்டுத்தான் எழுதுகிறானாம்.

அந்த நாட்டுப் பிள்ளைகளில் தேறியவர்கள் படிப்புத் தொடங்கும் சமயத்தில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கும் நான் டப்பாவோடு வரவேற்பறையில் இருந்தேன். பெட்டிகளும் பைகளுமாக ஒரே கூட்டம். ஒல்லியாக ஒரு பெண், தோளில் பெரிய பையோடு, கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் நாட்டுக் கடிகாரத்துக்கு முன்னால் வந்ததும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டாள்.

அப்போது என் மருமகள் மாடிப்படி இறங்கிவந்தாள். சாதாரணமாகத்தான் இருந்தாள், பார்த்தால் தலைவர் என்று யாருக்கும் தோன்றாது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, பைகளை இந்தப் பக்கம் வையுங்கள், களைத்துப்போய் வந்திருப்பீர்கள், முதலில் உட்காருங்கள் என்று சொன்னாள்.

அந்தப் பெண் திரும்பினாள். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு. தோளிலிருந்த பை அப்படியே கீழே விழுந்தது. ஓடிவந்து என் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் காலத்தில் ஸ்பேனர், இந்தப் பெண் காலத்தில் பை, இந்தக் குரலைக் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போடாதவர் யார் என்றேன். அந்த மேஜைக் கண்ணாடியை மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. பையாவது உடையவில்லையே என்றான்.